கட்டைவிரல் சாட்சி

நாச்சிமுத்துவின் லைசென்ஸ் காலாவதியாகி இருபது நாளாகிவிட்டது. எழுபது தாண்டியவர்கள் புதுப்பிக்க வேண்டுமானால் பெற்ற பிள்ளை வந்து சாட்சி சொல்ல வேண்டும். மகள் கோகிலவாணி அவரோடு ஆர்.டி.ஓ. ஆபீஸின் கண்ணாடி அறைக்குள் போனதும் கதவு சாத்திக்கொண்டது. பதில் சொல்லி முடிக்கும்வரை அது திறக்காது.

உள்ளே சுவரில் பேசும் பலகை ஒன்று இருந்தது. அவள் அதில் கட்டைவிரலை வைத்ததும் பலகை கேட்டது.

"இவர் ஓட்டும் வண்டியில் உங்கள் மகளைத் தனியாக அனுப்புவீர்களா?"

"அனுப்புவேனுங்க."

பலகை சிவந்தது. பொய் சொன்னால் அது சிவக்கும் என்பது வெளியே வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"கை வேர்த்துப் போச்சுங்கப்பா" என்று துப்பட்டாவில் விரலைத் துடைத்து மறுபடி வைத்து, அதே பதிலைச் சொன்னாள். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது முறையும் பொய்யானால் அவளுடைய லைசென்ஸும் போய்விடும். அவளோ ஸ்கூல் வேன் ஓட்டிப் பிழைக்கிறவள். அவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரே முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டிய இந்த அப்பாதான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அனுப்ப மாட்டேன்" என்றாள். பலகை பச்சையானது.

"விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விண்ணப்பதாரருக்கு இதில் மனவருத்தம் உண்டா?"

நாச்சிமுத்து வண்டிச் சாவியை எடுத்து மகள் கையில் வைத்து மூடினார். பிறகு தன் விரலை வைத்தார்.

"அம்மிணி மேல எனக்கொண்ணும் வருத்தமில்லைங்க."

அவள் கண்ணை மூடிக்கொள்வதற்குள் பலகை சிவந்துவிட்டது.