காலிக் குப்பி

எல்லாரும் சௌக்கியமா? இந்த வெயிலுக்குத் தண்ணீர் நிறையக் குடியுங்கள். நிறையக் குடித்தும் சிறுநீர் வராமல் தவித்த ஜெனிட்டாவின் கதை இது. மாநிலப் போட்டியில் நூறு மீட்டர் ஓடி, புஷ்பலீலாவின் பழைய சாதனையை அன்றுதான் முறியடித்திருந்தாள். ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் கொடுத்தால்தான் அது சாதனை. கொடுக்காவிட்டால் பழையதே நிற்கும். அவள் குப்பியை நிரப்புவதைக் கூடவே நின்று கண்ணால் பார்க்க ஒரு பெண் அதிகாரி வேண்டும். அன்று அந்த வேலை புஷ்பலீலாவுக்கு வாய்த்தது.

மைதானம் காலியாகிவிட்டது. "வந்துச்சா?" என்று கழிப்பறைக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர் மறுபடியும் கேட்டார்.

"துப்பாக்கி வெடிச்சதும் கிளம்பி வர்றதுக்கு இது என்ன ஓட்டமா சார்?" என்றாள் புஷ்பலீலா.

ஜெனிட்டா காலிக் குப்பியைப் பிடித்தபடி குந்தியிருந்தாள். "அக்கா, நீங்க பாத்துட்டே இருக்கீங்கல்ல, அதான் வர மாட்டேங்குது."

"பாக்கணும்கிறது சட்டம்டி. நான் திரும்பிக்கிட்டா ஒன் ஓட்டம் செல்லாது."

ஜெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். "வராமலே போயிட்டா உங்களுக்கு நல்லதுதானக்கா?"

அந்தப் பழைய சாதனையைச் சொல்லித்தான் இன்றைக்கும் புஷ்பலீலாவை எந்த மேடைக்கும் அழைப்பார்கள். அவளோ, ஜெனிட்டாவின்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே, கைக்குழந்தையைக் கால்மேல் உட்காரவைத்துத் தாய்மார்கள் செய்வதைப்போல, உதட்டைக் குவித்து "உஸ்ஸ்..." என்று மெல்ல ஒலியெழுப்பத் தொடங்கினாள்.