மாமனாருக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ்

"இன்னிக்கு ஒரு நாளாவது உங்கப்பாவை வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க," என்றாள் மருமகள், தோட்டை மாட்டிக்கொண்டே.

"அப்பா என்ன பண்ணாரு?" என்றான் கணவன்.

"என்ன பண்ணலை? போன வாரம் லைப்ரரியில அத்தனை பேர் படிச்சிட்டிருக்காங்க. எழுந்து நின்னு கணீர்னு கேட்டாரே! எனக்கு மேஜைக்கு அடியில பூந்துக்கலாம் போல இருந்தது."

உண்மையில் தப்பு அவள் பேரில்தான். சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

மகனோடு இருக்கலாம் என்று மாமனாரும் மாமியாரும் வந்து சேர்ந்த புதிது. ஊரும் புதுசு, பாஷையும் புதுசு. மாமனார் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"ஏம்மா, பாத்ரூம் எங்க இருக்குன்னு இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கறது?"

மருமகள் இங்கிலீஷ் டீச்சர். கேட்டால் விடுவாளா?

"நியர்னா பக்கத்துல. அதை வெச்சுக் கேளுங்க மாமா."

மறுநாள் கடைவீதிக்குப் போய்விட்டு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நியர்னுதாம்மா கேட்டேன். இதோ பக்கத்துலதான்னு சொல்லி ரெண்டு மாடி ஏற விட்டுட்டான். வேற வார்த்தை இல்லையா?"

"நியரர்னு ஒண்ணு இருக்கு. ரெண்டுல எது கிட்டயோ, அது."

"அதுக்கும் மேல?"

"நியரஸ்ட். இருக்கறதுலயே ரொம்பக் கிட்ட. அதுக்கு மேல வார்த்தையே கிடையாது."

"இதை முதல்லயே எடுத்துப் போடறதுக்கென்ன? அதையே குடு!"

அன்று பிடித்தது சனி. பஸ்ஸில், பேங்கில், பூங்காவில், போகிற இடமெல்லாம், "வேர் இஸ் த நியரஸ்ட் டாய்லெட்?" இலக்கணம் சுத்தம், உச்சரிப்பும் சுத்தம். குரல்தான் ஊரைக் கூட்டியது. கேட்டுவிட்டு, "எனக்குத் துணைக்கு வா" என்று மாமியாரையும் இழுத்துக்கொண்டு போவார். அவ்வளவு வயசாகியும் தனியாகப் போகத் தெரியாதாம்.

மாமியாரோ வாயில்லாப் பூச்சி. எங்கே உட்கார்ந்தாலும் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, அதன் கொக்கியை டிக் டிக்கென்று திறந்து மூடிக்கொண்டிருப்பார்.

இன்று மருமகளின் பள்ளி ஆண்டு விருந்து, ஒரு ஹோட்டலில். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். இங்கிலீஷ் துறைக்குத் தலைவி யார் என்று இன்றைக்கு மேடையில் சொல்லப் போகிறார்கள். அவள் பெயர் பலமாக அடிபட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பதவிக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருக்கிறாள்!

"மாமா, ஏதாவது வேணும்னா என் காதுல சொல்லுங்க."

"வாயே திறக்க மாட்டேம்மா," என்றார் மாமனார்.

அவர்கள் மேஜைக்கே பிரின்சிபால் வந்து உட்கார்ந்தார். மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை. சூப் வந்தது. பேச்சு வந்தது. பிரின்சிபால் அவளுடைய வகுப்பைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்தார்.

டிக் டிக்.

மாமனார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"எக்ஸ்க்யூஸ் மீ மேடம்! வேர் இஸ் த நியரஸ்ட் டாய்லெட்?"

பக்கத்து மேஜைகள்கூடத் திரும்பின. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரின்சிபால் கையில் இருந்த ஸ்பூனாலேயே வாசலைக் காட்டினார். "தேங்க்யூ" சொல்லிவிட்டு மாமியாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார் மாமனார்.

மருமகளுக்குக் காது வரை சூடேறியது. பெரியவராவது, சிறியவராவது! இன்றைக்கு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று பின்னாலேயே போனாள்.

பெண்கள் கழிப்பறை வாசலில், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார் மாமனார். தோளில் மாமியாரின் கைப்பை.

"அவ்வளவு அவசரமா எழுந்து கேட்டீங்க! போகாம இங்க ஏன் நிக்கறீங்க?"

"மெதுவாம்மா, உள்ள காது கேக்கும்." மாமனார் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒண்ணும் இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க அத்தையாலதான் அடக்க முடியல. அவ செத்தாலும் வாயைத் திறந்து கேக்க மாட்டா. கொக்கியைத் தட்டுவா, நான் எழுந்துப்பேன்."

மருமகள் மூடியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கு ரெண்டு மாடின்னேனே, பாதிப் படியிலேயே முடியாம போயிடுச்சு. உக்காந்து அழுதுட்டா. அதான் உன்கிட்ட பெரிய வார்த்தையா கேட்டு வாங்கினேன். நான் கிழவன், என்னைப் பார்த்துச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. மாமனார் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சாப்பாடு முடிந்தது. பிரின்சிபால் மேடையேறி மைக்கைத் தட்டினார். கூடம் அமைதியாயிற்று.

"நம்ம இங்கிலீஷ் துறைக்கு..."

டிக் டிக்.

மாமனார் எழப் போனார். மருமகள் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னாள்.

"அத்தை, எனக்கு ரொம்ப அவசரம். துணைக்கு வரீங்களா?"

"இப்பவா?" என்று கணவன் வாயைப் பிளந்தான். பக்கத்து மேஜையில் அதே சிரிப்பு களுக்கென்று கேட்டது.

மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது, அவள் தோளில் மாமியாரின் கைப்பையோடு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள்.