படகு வந்தது

நீலத் துணியை இருபுறமும் பிடித்து ஆட்டியதும் மேடை மேகோங் ஆறாகிவிட்டது. புகை முழங்கால்வரை ஏறியது. நான் அதற்குள் இறங்கி நின்றேன்.

ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கியது. என் உதடுகள் திறந்தன.

பட்டாயாவில் சாயங்கால ஆட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். திருநங்கைகளான எங்களைப் பார்க்க வருகிறார்கள், பாட்டைக் கேட்க அல்ல. அன்று முன்வரிசைகளில் வடகிழக்கே எங்கள் ஈசான் பக்கத்து ஆட்கள், ஒரு பஸ் நிறைய. கடல் பார்க்க வந்தவர்கள், வந்த கையோடு எங்களையும் பார்க்க வந்துவிட்டார்கள். ஒருவர் மடியில் ஒட்டுச்சோற்றுக் கூடைகூட இருந்தது.

அது என் சிறு வயதுப் பாட்டு. படகுத்துறையில் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பாட்டு. சந்தையில் நகலெடுத்து விற்ற கேசட். பாடியவள் படமில்லை, பெயரும் இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

குரல் உடைந்து தடித்த வருடம் நான் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். நெல் பத்தாயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தக் குரலுக்குள் குடியேறினேன். எங்கே மூச்சு எடுப்பாள், எந்த எழுத்தை உதட்டோரம் நழுவ விடுவாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

மூன்றாம் வரிசையில் ஒருத்தி என்னோடு வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

அறுபதைத் தாண்டியவள், வெட்டிவிட்ட நரைத்த தலை. தெரிந்த பாட்டென்றால் ஆட்கள் வாயசைப்பது வழக்கம்தான். ஆனால் நான் மூச்செடுத்த இடத்தில் அவளும் எடுத்தாள். நான் நழுவவிட்ட எழுத்தை அவளும் நழுவவிட்டாள்.

புகைக்கும் விளக்குக்கும் நடுவே அவள் முகம் மட்டும் மிதந்தது. யாரைப் பார்த்து யார் அசைக்கிறோம் என்பது கொஞ்ச நேரத்தில் மறந்துபோயிற்று. நாற்காலிகள் இல்லை, கூரை இல்லை. ஆற்றின் இரு கரைகளில் நாங்கள் இருவர். நடுவில் தண்ணீர்மேல் அந்தக் குரல்.

‘படகு வந்தது’ என்ற வரி வந்தது.

அதற்கும் ‘நீ வரவில்லை’ என்பதற்கும் நடுவில் பாடுகிறவளுக்குத் தொண்டை ஒரு கணம் அடைத்துக்கொள்ளும். அந்த ஒரு விம்மலுக்காகத்தான் மேனேஜரோடு சண்டை போட்டு இந்தப் பாட்டை வாங்கினேன். அந்த இடத்தில் நான் நடிப்பதே இல்லை. கண் தானாக நிறையும்.

நிறைந்த கண்ணோடு மூன்றாம் வரிசைக்காரியைப் பார்த்தேன்.

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

சிரிக்கிறவர்கள் உண்டு. எங்கள் தாடையைப் பார்த்து, கை அகலத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். பழகிவிட்டது. ஆனால் இவள் அதுவரை என்னோடு ஆற்றில் நின்றவள்.

ஆட்டம் முடிந்ததும் வாசலில் நின்று வந்தவர்களோடு படம் எடுத்துக்கொள்வோம். அங்கே நான் வாயைத் திறப்பதில்லை. புன்னகையோடு சரி. அன்று இறகுக் கிரீடத்தைக்கூடக் கழற்றாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன். கூட ஆடும் ஓய் என்பவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுடி. வந்தவங்க ஆயிரம் விதமா இருப்பாங்க.”

நான் விடவில்லை.

“அழற இடத்துல என்ன இளிப்பு உனக்கு?”

என் சொந்தக் குரல். கோபத்தில் ஊர்ப் பேச்சு வேறு. சுற்றி நின்றவர்கள் போனைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பக்கத்தில் அவள் கணவர், என்னைவிட ஒரு தலை குட்டை, அண்ணாந்து பார்த்தார். என் குரலைக் கேட்டும் அவர் முகம் மாறவில்லை.

“கோவிச்சுக்காத பொண்ணு. அவளால பேச முடியாது, தொண்டையில ஆபரேஷன். அது அழற இடம் இல்ல. அதான் சிரிச்சுட்டா.”

“எனக்கா தெரியாது அந்தப் பாட்டு?”

“ரெக்கார்டிங்ல நான்தாம்மா குழல் ஊதினேன். இவ ‘படகு வந்தது’ன்னு இழுக்கறா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங்காரன் தலையில சொத்துனு ஒரு பல்லி. குதிச்ச குதியில நாற்காலியோட கவுந்துட்டான். இவ சிரிப்ப அடக்கப் போயி தொண்டை அடைச்சுக்கிச்சு. வேற டேப்பு இல்ல, அப்படியே விட்டுட்டாங்க. கேட்ட ஊரெல்லாம் அழுதுச்சு.”

அவர் குரல் தணிந்தது.

“ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்டுல இந்தப் பாட்டப் போடவே விடமாட்டா. இன்னைக்குத்தான் முழுசாக் கேட்டா.”

அவள் கழுத்தில், முதல் பித்தானுக்கு மேலே, தொண்டைத் துளையை மூடிய ஒரு சின்ன வெள்ளைத் துணி மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் குடியிருந்த வீடு. எனக்குக் காலடியில் தரை இல்லை, மறுபடியும் தண்ணீர்தான்.

கும்பிடக் கை எடுத்தேன். அதற்குள் அவள் எட்டி என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். உதடுகள் வேகவேகமாக அசைந்தன.

“எனக்கே புரியாது. எழுதித்தான் காட்டுவா,” என்றார் கணவர்.

எனக்குப் புரிந்தது. அந்த உதடுகள் எப்படித் திறக்கும், எப்படி மூடும் என்று அவளைக் காணாமலே கற்றவள் நான்.

“என்ன சொல்றா?” என்று கேட்டார்.

அவள் மறுபடி வாயசைத்தாள், இந்த முறை மெதுவாக. அவள் உதட்டோடு சேர்த்து, வாசல் முழுக்கக் கேட்கும்படி, என் தடித்த குரலில் சொன்னேன்.

“அழுகையே இருக்கட்டும். அன்னைக்கு நான்தான் தப்பாப் பாடிட்டேன்.”