சனி கிரகத்து ஏலம்

ஆளுக்கொரு வேடமேற்றுப் பேசியே ஆடும் விண்வெளி விளையாட்டு அது. ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் கப்பலூர் நண்பர்களுக்காகப் புதுக் கதையை லேப்டாப்பில் எழுதிக்கொண்டிருந்தான் அழகுபாண்டி.

"சனி கிரகத்துல பழம்பொருள் ஏலம். செத்தவங்களை எழுப்புற மெஷின் ஒண்ணு ஏலத்துக்கு வருது," என்றான் மனைவி ரோகிணியிடம்.

"அது வேணாங்க."

"கேப்டன் நிலா செத்ததுல இருந்து ஆட்டமே சப்புன்னு கிடக்கு. மெஷினை ஏலத்துல எடுத்தா அவளை எழுப்பிரலாம்ல? எம்புட்டுப் போட்டி இருக்கும்!"

"எழுப்பிரலாம். ஆனா, நிலாவா யாருங்க ஆடுவா?"

அழகுபாண்டி தலைகுனிந்தான். நிலாவாக ஆடிவந்தவள் அவர்களுடைய ஒரே மகள் சத்யப்ரியா. தை மாதம் காய்ச்சலில் போய்விட்டாள்.

எழுதியதை அழித்தான். ஏலத்தில் வைக்க வேறெந்தப் பொருளும் அவனுக்குத் தோன்றவில்லை.