ஒரே ஒரு வாட்டி

"சித்திரை பொறந்தா நான் அந்தப் புத்தகத்தைத் தொடவே போறதில்ல புள்ள," என்றான் மாதேஸ்வரன். மலைமேல் எடப்புளி நாட்டில், அவர்கள் ஊரில் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் மனைவி பாவாயி. "வார வருசம் ஒரே ஒரு வாட்டியாச்சும் படிக்கோணும். அதையும் முழுசாப் படிக்கோணும். பக்கத்து அத்தாயி ஊட்டுல பாதியை உட்டுட்டீங்க."

"இந்த வருசம் ஊடு ஊடாப் படிச்சுத் தொண்டையே போயிருச்சு. இன்னும் யாரு ஊட்டுல படிக்கச் சொல்ற?"

பாவாயி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கம்பளிக்குள் அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஊரில் பாதிப் பேரைக் கொண்டுபோன அதே குளிர்காய்ச்சல். யுத்தம் வந்ததிலிருந்து அதற்குக் கொடுக்கும் கொயினா மாத்திரையும் மலைக்கு வருவதில்லை.

அந்தப் புத்தகத்தை இழவு வீட்டில் மட்டும்தான் படிப்பார்கள். கடைசி வரி வரை கேட்டால்தான் போகிற உயிருக்குத் தடம் தெரியும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

நடுக்கம் அடங்கியதும் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம ஊட்டுலதானுங்க. அழுதுக்கிட்டுப் பாதியில நிறுத்திராதீங்க. எனக்குத் தடம் தெரியாது."