சொல்லின் வால்

புது ஹெட்போனை அவள் இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

வலது காது போய் நாலு வருஷம். இடது காதும் இப்போதெல்லாம் பாதி நாள் லீவு போடுகிறது. ஆபீசில் யாருக்கும் இது தெரியாது. தெரியவும் கூடாது.

மோட்டார் பம்பு விற்கும் கம்பெனியில் போன் எடுப்பதுதான் அவள் வேலை. போன் எடுக்கிறவளுக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் என்ன செய்வார்கள் என்பதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் தமிழ் வேறு சேர்ந்துகொண்டு படுத்துகிறது. இல்லை என்பதைக் கொண்டுபோய்ச் சொல்லின் வாலில் வைத்திருக்கிறார்கள். தலையும் உடம்பும் காதில் நன்றாகத்தான் விழும். வால் நழுவிவிடும்.

போன மாதம் குடோனிலிருந்து குமரவேல், "இன்னும் ஏத்தல" என்றான்.

அவள் காதில் "ஏத்தலாம்" என்று விழுந்தது. மோட்டார் அன்றைக்கே வந்துவிடும் என்று வாங்கினவரிடம் சொல்லிவிட்டாள்.

காங்கேயத்தில் ஒரு விவசாயி கிணற்றடியில் ஆட்களை நிறுத்திக்கொண்டு, வராத மோட்டாருக்காகப் பொழுது சாயும்வரை காத்திருந்தார்.

அன்று முதலாளி சென்னியப்பன் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் அவர் திட்டியது போனைத்தான்.

"இந்தக் கெழட்டுப் போனத் தூக்கிக் கடாசோணும்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இன்று அது மறுபடியும் போய்க்கொண்டிருந்தது. பழைய போன் இருந்தவரை பழியைப் போட ஓர் இடம் இருந்தது. இது புத்தம் புதுசு. கம்ப்யூட்டரோடு சேர்ந்த போன். யார் கூப்பிட்டாலும் திரையில் பேர் வருமாம். திரையிலேயே அமுக்கினால் லைன் போகுமாம்.

பேர் வந்து என்ன செய்ய? பேச்சும் வந்து சேர வேண்டுமே.

அதையெல்லாம் பொருத்த வந்திருந்தவள் ரெஜினா. குடோனுக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். திரையின் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி எழும்பியது. இவள் அதை அமுக்கி லைனை எடுத்தாள்.

"அக்கா, உங்க சத்தம் சரியா வரல."

"வாங்க, தாராளமா வாங்க" என்றாள் அவள்.

ரெஜினா போனை வைத்துவிட்டாள்.

குடோனிலிருந்து வந்து மேஜைப் பக்கத்தில் நின்றாள். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்று இவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

ரெஜினா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொன்றாக டிக் அடித்தாள்.

மூலையில் கிடந்த பெட்டி திரையின் நடுவுக்கு வந்தது. எழுத்து பெரிதானது. மணி அடித்தால் திரையைச் சுற்றி மஞ்சளாக மின்னியது.

அப்புறம் அடியில் இன்னொரு பெட்டியைத் திறந்துவிட்டாள். ஆபீசுக்குள் யாரிடம் எது கேட்டாலும் அவர்கள் பதிலை அதில் எழுதிப் போடலாம். குடோன், சர்வீஸ், அக்கவுண்ட்ஸ், முதலாளி அறை என்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதே மாதிரி வைத்துவிட்டு வந்தாள்.

வெளியாட்களை எப்படியும் சமாளித்துவிடலாம். சொன்னதையே நாலு தரம் சொல்கிற ஜனம். உள்ளே இருப்பவர்கள்தான் ஒற்றைச் சொல்லோடு போனை வைத்துவிடுவார்கள்.

பல்லடத்து மோட்டார் ஏற்றியாயிற்றா என்று அவள் குடோனுக்கு எழுதிக் கேட்டாள்.

இன்னும் ஏத்தல, என்று வந்தது. வாலோடு வந்தது.

சென்னியப்பன் தன் அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"இனி வாயில பேசறத உட்டுப்போட்டு எழுதிட்டே கெடக்கோணுமாக்கு?"

ஆபீஸ் சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

ரெஜினா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் இவள் மாடிப்படி வரை பின்னாலேயே போனாள்.

"சாருகிட்டச் சொல்லிப்போடாதீங்க அம்மணி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ரெஜினா படியில் நின்று திரும்பினாள். முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அவருதாங்கக்கா இதக் கேட்டு வாங்குனாரு. பதிலு எழுத்துல வருமான்னு கேட்டாரு. வரும்னு சொன்னப்பறந்தான் ஆர்டரே போட்டாரு. யாருக்கு, எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லல. உங்களக் கூப்பிட்டுப் பேசுனப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வருஷமாக அந்த மனுஷர் சின்ன விஷயத்துக்கெல்லாம் அறையை விட்டு எழுந்து வந்து அவள் மேஜைக்கு எதிரில் நின்று பேசுகிறார். தன்னை வேவு பார்க்கிறார் என்று நினைத்திருந்தாள். இன்டர்காமை அமுக்கக்கூடவா சோம்பல் என்று மனசுக்குள் வைதும் இருக்கிறாள்.

முகம் தெரிகிற மாதிரி நின்று பேசியிருக்கிறார்.

கண் முட்டிக்கொண்டு வந்தது. நன்றாகவே அழுதாள். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

பெட்டியில் அவர் பேரை அமுக்கி, நன்றி என்று அடித்தாள். மேடையில் பொன்னாடை போர்த்திவிட்டுச் சொல்கிற மாதிரி இருந்தது. அழித்தாள்.

சாப்பிட்டீங்களா சார்? என்று அடித்து அனுப்பினாள்.

அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டினார். திரையைப் பார்த்தார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடிக் குத்தினார். நடுவில் இரண்டு போன் வந்து, அவள் பேசியும் முடித்துவிட்டாள்.

அப்புறம்தான் வந்தது.

வேலயப் பாருங்க அம்மணி.

அதை இரண்டு முறை படித்தாள்.

பிறகு வேலையைப் பார்த்தாள்.