ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திரங்கள்

ஓய்வு பெற்ற தணிகாசலம் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் பொருத்தியிருந்தார். அதற்கேற்ற பாத்திரங்களைத் தேர்ந்தெடுக்க மனைவி குணவதியைக் கடைக்கு அழைத்துப்போனார். முப்பது வருடமாக வேலூரைத் தாண்டாதவள் அவள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் சட்டிகள், கைப்பிடியைக் கழற்றக்கூடிய தவா, அவர் வயிற்றுக்குக் குழைய வேகவைக்கச் சின்ன குக்கர் என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து ஆசையாக எடுத்தாள்.

"ஊட்டியில குளிருமே, ஃபிளாஸ்க்கும் வாங்கிக்கலாமா?"

"வாங்கு. செல்வநாதனுக்கு அடிக்கடி காப்பி வேணும்."

"உங்க சிநேகிதரும் வர்றாரா?"

"நானும் அவனும்தானே போறோம். உன் முட்டி வலிக்கு வேன்ல ஏறவா முடியும்?"

குணவதி குக்கரை மெல்ல அலமாரியில் வைத்தாள். பிறகு விற்பனைப் பெண்ணிடம் திரும்பினாள்.

"அரிசி களையக்கூடத் தெரியாத ரெண்டு பேருக்கு ஏத்த மாதிரி ஏதாவது இருந்தா காட்டும்மா."